நிதானம் அல்லாத கல்யாணம்

பெட்டிக்குப் புது விதி வந்த அன்று காலையில், திருமலைசாமியின் மனைவி சாந்தாமணி காபியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, "ஏனுங்க, நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

அவன் அதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான்.

"திருமலைசாமிங்க," என்றான்.

"இது உங்க வீடுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நான் எதுக்குங்க காபி போட்டேன்?"

அவன் டம்ளரை எடுத்தான். காபியைக் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டு வந்தாள். முன்பின் தெரியாதவரையும் அந்தப் பக்கத்தில் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனைக் கூப்பிடுகிற ஏனுங்கவுக்கும் வழிப்போக்கனைக் கூப்பிடுகிற ஏனுங்கவுக்கும் ஏதாவது வித்தியாசம் இருந்தாக வேண்டும் என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒன்றும் அகப்படவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு கல்யாணம் அதன் வீடியோ திறக்கிற வரைதான் நிற்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. திருமலைசாமி கல்யாண வீடியோ எடுப்பவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவன் ஸ்டுடியோ. எடுத்த கல்யாணங்களையெல்லாம் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, அந்த டிஸ்க்குகளை ஒரு கறுப்புப் பெட்டியில் செருகி வைத்திருந்தான். பெட்டி, நிதானம் என்ற கம்பெனியுடையது. டிஸ்க்குகள் வேறு கம்பெனி. எந்த டிஸ்க்கைச் செருகினாலும் பெட்டி ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். அப்படித்தான் ஏற்றுக்கொண்டும் இருந்தது.

இனிமேல் நிதானம் டிஸ்க்கை மட்டும் திறந்தால் போதும் என்று கம்பெனி அன்று விடிகாலையில் பெட்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டது. பெட்டி கீழ்ப்படிந்துவிட்டது.

எடுத்தவனுக்கு மட்டும் கல்யாணம் மறக்காது. அது அந்தத் தொழிலில் உள்ள ஒரு சங்கடம். தன் கல்யாணத்தையும் திருமலைசாமியே எடுத்திருந்தான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் மணவறையில் உட்கார்ந்தான். பிற்பாடு கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தபோது அதை டிஸ்க்கில் ஏற்றியவனும் அவன்தான். அதனால் அந்த வீட்டில் அன்று காலை ஒருவருக்குத்தான் கல்யாணமாகியிருந்தது.

சாந்தாமணி பதறவில்லை. அடுப்பை அணைத்தாள். பீரோவிலிருந்து ரவிக்கைகளை எடுத்து உடம்பில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தவற்றை மட்டும் தன்னுடையவை என்று பையில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தவிங்க வீட்டுல இப்பிடி இருந்தா நல்லாருக்காதுங்க," என்றாள்.

கிணத்துக்கடவிலிருந்து அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து வண்டியில் வந்தார். நேற்றுவரை திருமலைசாமியை "மாப்ள" என்று கூப்பிட்டவர். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, ரொம்ப ஒபகாரமுங்க. தங்கச்சியப் பத்தரமாப் பாத்துக்கிட்டீங்க. இந்தக் காலத்துல ஆரு பாப்பாங்க."

"பரவால்லீங்க."

வண்டியில் ஏறுவதற்கு முன் சாந்தாமணி நின்றாள். நெஞ்சுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக்கொண்டாள்.

"உள்ள ஏதோ இருக்குதுங்க," என்றாள் அவனிடம். "சுத்தற சத்தம் கேக்குது. தெறக்க மாட்டேங்குது."

"பழைய டிஸ்க்குங்க. அப்பிடித்தான் இருக்கும்."

அதற்கு மேல் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. வண்டி போயிற்று.

அவன் வீட்டுக்குள் வந்தான். கூடம் நேற்றைவிட நீண்டிருந்தது. அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்கே நேரம் பிடித்தது. அங்கே இரண்டு டம்ளர்கள் இருந்தன. தன்னுடையதைக் கழுவிக் கவிழ்த்தான். இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டான்.

ஸ்டுடியோ மாடிப்படியில் அதற்குள் கூட்டம். அவன் எடுத்த கல்யாணங்களின் மாப்பிள்ளைகள் ஒரு பக்கமும் பெண்கள் இன்னொரு பக்கமும் நின்றார்கள். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. ஆனால் இங்கேதான் வர வேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு பெண் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவனிடம் காட்டினாள். மருதாணி இன்னும் சிவப்பு மாறவில்லை. போன வாரம்தான் அவளுக்குக் கல்யாணம். பெயர் ரேணுகா.

"அண்ணா, இது ஆருக்கு வெச்சதுங்கண்ணா?"

அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒல்லியான பையன்தான் அவள் புருஷன். கழுத்தைச் சொறிந்துகொண்டு சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்று ஊட்டிவிட்ட லட்டு மூக்கில் பட்டு, அதற்கு இருவரும் சிரித்ததைத் திருமலைசாமி கிட்டத்தில் வைத்து எடுத்திருந்தான். நல்ல ஷாட்.

"தெறந்தாத்தாம்மா தெரியும்," என்றான்.

பெட்டியின் முன் உட்கார்ந்தான். பழைய டிஸ்க்கைச் செருகினான். பெட்டி அதைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தது. பிறகு பெண் குரலில் பேசிற்று.

"மன்னிக்கவும். இது நிதானம் கல்யாணம் அல்ல. அசல் நிதானம் கல்யாணத்தைச் செருகவும்."

இன்னொரு டிஸ்க்கைச் செருகினான். அதையும் பெட்டி மன்னிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தது. அதன் குரலில் கோபமே இல்லை.

படியோரம் ஜெகநாதனும் கோமதியும் உட்கார்ந்திருந்தார்கள். ஊரறிந்த சண்டைக்கார ஜோடி. போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர்கள். இப்போது ஜெகநாதன் அவளுக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தார். கோமதி தலையைக் குனிந்து புடவை முந்தியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திருமலைசாமி தாண்டிப் போகும்போது ஜெகநாதன் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏனுங்க தம்பி. அந்தம்மாவோட வீட்டுக்காரரு வந்துட்டாருங்களா?"

"இன்னும் வரலீங்க."

"வந்தா கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றார் ஜெகநாதன். அவர் முகம் கெஞ்சியது.

நிதானம் கம்பெனியின் சேவை மையம் கோயமுத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. திருமலைசாமி தன்னுடைய டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். உள்ளே ஒரே ஒரு நடை. இரண்டு பக்கமும் கதவுகள். கோடியில்தான் ஆபீஸ் என்று வாசல் காவலாளி சொன்னார்.

அவன் நடந்தான். கோடி வரவில்லை. ஆபீஸுக்காக வரிசையில் ரொம்ப நேரம் நின்றவர்கள் கதவாகிவிடுகிறார்கள் என்பதும், அதனால்தான் நடை நீண்டுகொண்டே போகிறது என்பதும் போகப் போகத் தெரிந்தது. ஒரு கதவைத் தட்டினான்.

"மெதுவாத் தட்டுங்க," என்றது கதவு. "முதுகு வலிக்குது."

"மன்னிச்சுக்குங்க. ஆபீஸ் இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"நான் நிக்க ஆரம்பிச்சப்ப பக்கத்துலதான் இருந்துச்சு."

"உங்களுக்கு என்ன பிரச்சினைங்க?"

"எம் பொண்ணோட பாட்டு. அஞ்சு வயசுல பாடினது. வேற டிஸ்க்குல வெச்சுட்டேன்." கதவு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. "தொறந்து போங்க. அந்தப் பக்கம் குறுக்கு வழி."

அவன் அந்த மனிதரைத் திறந்துகொண்டு போனான். கீல் முனகியது. அந்தப் பக்கம் ஆபீஸ் இருந்தது.

மேஜைக்குப் பின்னால் ஓர் இளம்பெண். சட்டையில் மிருணாளினி என்று பெயர் குத்தியிருந்தாள். நல்ல மாதிரியான பெண். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். துண்டைப் பிரித்து டிஸ்க்கைப் பார்த்தாள். தொடவில்லை.

"இது எங்க டிஸ்க் இல்லையே சார்."

"இல்லீங்க. ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதானுங்க. ஒரே ஃபேக்டரிலதான் ரெண்டையும் செய்யறாங்கன்னு கடைக்காரர் சொன்னாரு. மேல ஒட்டற காயிதம்தான் வேற."

"உண்மைதான் சார். உள்ள ஒண்ணுதான்."

"அப்பறம் என்னங்க?"

"நாங்க உள்ள பாக்கறதில்ல சார்."

அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். "எனக்கு எம் சம்சாரம் வேணுமுங்க," என்றான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

மிருணாளினி தலையாட்டினாள். அவள் கண்களில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"எங்க டிஸ்க் ஒண்ணு தர்றேன் சார். அதுல மறுபடியும் கல்யாணம் பண்ணிக்குங்க. கண்டிப்பாத் தெறக்கும்."

"அதே பொண்ணோடயா?"

"யாரோட வேணும்னாலும். எங்க டிஸ்க்குல எல்லாரும் நல்லாப் பதியறாங்க."

"பழசு?"

"அழிஞ்சிரும் சார். ஒருத்தருக்கு ரெண்டு கல்யாணம் பெட்டி வெச்சுக்காது."

"பழசை இதுல எறக்கித் தர முடியாதுங்களா?"

"எறக்கணும்னா முதல்ல தெறக்கணும். தெறக்கணும்னா எங்களுதா இருக்கணும்." பள்ளிக்கூடத்துப் பாடத்தை ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, அவள் ஒரு புது டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள். பளபளப்பாக இருந்தது. "இதுல ஒரு மாதிரிக் கல்யாணம் வரும் சார். பாக்கறீங்களா? தரம் தெரியும்."

திரையில் மாதிரிக் கல்யாணம் ஓடியது. பெரிய மண்டபம். அவன் ஒருபோதும் போகாத மண்டபம். மாப்பிள்ளை அவனேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவன் பார்த்ததே இல்லை. வெளிச்சம் மிகச் சரியாக இருந்தது. ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. அந்தப் பெண் மாலை மாற்றும்போது திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். திருமலைசாமிக்கு அவள்மேல் பிரியம் வந்தது. வந்தது மட்டுமல்ல, பல வருஷமாக இருந்துவருகிற பிரியம்போலவும் இருந்தது. அவள் இப்போது வீட்டில் தனியாக இருப்பாளே, சாப்பிட்டிருப்பாளா என்று ஒரு கவலை வந்தது.

அவன் எழுந்துவிட்டான். வேர்த்திருந்தது.

"நிறுத்துங்க," என்றான்.

"எல்லாரும் அந்த எடத்துலதான் சார் எந்திரிக்கறாங்க," என்றாள் மிருணாளினி.

அடுத்த முகூர்த்தங்களில் ஊர் முழுக்க மறுபடியும் கல்யாணம் நடந்தது. எல்லோரும் நிதானம் டிஸ்க் வாங்கினார்கள். எல்லாவற்றையும் எடுத்தவன் திருமலைசாமிதான். ஒரே மண்டபத்தில் ஒரு ஜோடி இறங்க இன்னொரு ஜோடி ஏறியது. நாதஸ்வரக்காரர்கள் மேடையை விட்டு இறங்கவே இல்லை. பெட்டி எல்லாவற்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. ஜெகநாதனும் கோமதியும் மட்டும் வரவில்லை. அவர்கள் இன்னும் படியோரம் உட்கார்ந்து, வராத புருஷனுக்காகப் பயந்துகொண்டிருந்தார்கள்.

மருதாணிப் பெண் ரேணுகா வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். டிஸ்க் வாங்குகிற வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றவன். தவறு என்று சொல்ல முடியாது. இருவருக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஒல்லிப் பையன் கல்யாணத்துக்கு வந்தான், பந்தியில் உட்கார்ந்தான், பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தான். மணமக்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். புதுக் கல்யாணம் பெட்டியில் ஏறிய நிமிஷத்தில் அந்த லட்டு, அந்த மூக்கு, அந்தச் சிரிப்பு எல்லாம் பழைய டிஸ்க்கிலிருந்து போய்விட்டன. பையனின் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஏப்பம் விட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

கேமராவுக்குப் பின்னால் திருமலைசாமி அழுதான். கேமரா ஆடிற்று. அந்தக் குலுக்கலையும் நிதானம் டிஸ்க் தானாகவே சரிசெய்துவிட்டது.

மறுநாள் அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனான். ஒரு பையில் பூவும் பழமும். இன்னொரு பையில் நிதானம் டிஸ்க்.

நாச்சிமுத்து அவனை உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னான். அவர் முகம் மலர்ந்தது.

"கண்ணால விசயமா வந்திருக்கறீங்க. சந்தோசமுங்க தம்பி. வயசு கொஞ்சம் ஆச்சு, ஆனா எம் தங்கச்சிக்கு மட்டும் என்ன சின்ன வயசா? எப்பிடியோ இத்தன வருசமாத் தள்ளிப் போயிருச்சு. ஏன்னு எங்களுக்கே தெரியலீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி ஏதும் கண்ணாலம் ஆயிருக்குதுங்களா உங்களுக்கு?"

"ஆயிருக்குதுங்க."

"அந்தப் புள்ள?"

"இப்ப இல்லீங்க. அவிங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

"அட பாவமே. எப்பிடிப்பட்ட மனுசனுங்க அவன்?" என்று நாச்சிமுத்து நிஜமாகவே கோபப்பட்டார்.

சாந்தாமணி பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, தட்டில் பஜ்ஜியும் காபியும் கொண்டுவந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. இவளை இப்படி அவன் முதல் தடவை பார்க்கப் போனபோதுகூட நெஞ்சு இந்த அடி அடிக்கவில்லை. அன்று எல்லாம் கிடைக்கப் போகிற ஒன்றாக இருந்தது.

"சக்கரை போடலீங்க," என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி. "ஏன்னு தெரியலீங்க. போடப் போனேன், கை வரல."

"எனக்கு இப்பிடித்தானுங்க."

நாச்சிமுத்து காபியைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். "பொண்ணும் மாப்ளையும் ரெண்டு வார்த்த பேசட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மொட்டை மாடியில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. பாதித் தளத்தைத் தார்ப்பாய் மூடியிருந்தது. வெயில் இறங்கியிருந்தது. சாந்தாமணி கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். அவன் ஒரு ஆள் தள்ளி நின்றான். அதற்கு மேல் தள்ளி நிற்க அவனால் முடியவில்லை. அதற்குக் கிட்டத்தில் வரவும் முடியவில்லை.

"எதுக்குங்க என்னையக் கேட்டு வந்தீங்க?"

"புடிச்சிருக்குதுங்க."

"ஒரு தடவதானுங்க பாத்தீங்க. காபி குடிச்சீங்க."

"ஆமாங்க."

அவள் யோசித்தாள். "எனக்கும் கட்டிக்கறதுல ஒண்ணுமில்லீங்க. நல்ல மாதிரியாத்தான் தெரியறீங்க. ஆனா உள்ள ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்குதே. அன்னிக்குச் சொன்னனில்லீங்க? ராத்திரியெல்லாம் கேக்குது. உங்களக் கட்டிக்கிட்டா அது என்னாகுமுங்க?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். பை அவன் கையிலேயே இருந்தது. இன்னும் ஒரே ஒரு பொய்யில் அவள் திரும்பவும் அவன் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலையில் காபி வைப்பாள். பக்கத்தில் தூங்குவாள். எதுவும் சுற்றாது.

"அழிஞ்சிருமுங்க," என்றான்.

ஒரு காக்கை பருப்பை எடுக்க வந்தது. இருவருமே சேர்ந்தாற்போல் கையை வீசி அதை விரட்டினார்கள்.

"அது நல்ல கல்யாணமுங்களா?"

எத்தனையோ கல்யாணங்களை எடுத்தவன் அவன். நல்லது எது, சுமார் எது என்று அவனுக்குத் தெரியும்.

"சுமார்தானுங்க. மேளம் லேட்டா வந்துச்சு. மழை. பந்தியில ரசம் பத்தல. கரண்டு போயிப் போயி வந்துச்சு. பாதிப்பேரு கண்ண மூடிட்டுத்தான் நின்னாங்க."

"மாப்ள எப்பிடீங்க?"

"அவனும் சுமார்தானுங்க."

"பொண்ணு?"

அவன் காய்கிற பருப்பைப் பார்த்தான். வாயைத் திறந்தான். குனிந்து ஒரு பருப்பைத் திருப்பி வைத்தான்.

"பொண்ணு வந்துங்க... அந்தக் கேமரால அவ்வளவுதான் எடுக்க முடிஞ்சுது."

அவள் இப்போதுதான் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். எதையோ கண்டுபிடித்த பார்வை இல்லை. வெளிச்சம் போதாத இடத்தில் ஊசியில் நூல் கோக்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"எனக்கு அதக் கையில வாங்கிப் பாக்கோணுங்க."

"தெறக்காதுங்க."

"தெறக்க வேண்டாமுங்க. எவ்வளவு கனம் இருக்குதுன்னு பாக்கோணும். சும்மா அப்பிடி மடியில வெச்சுக்கிட்டு இருக்கோணும்."

"பொள்ளாச்சிலதான் இருக்குதுங்க. ஸ்டுடியோல."

"போலாங்களா?"

"போலாமுங்க."

நிதானம் டிஸ்க்கை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் டிஸ்க்கை வைத்தான். பாய் அடங்கியது. அதற்கு ஏற்ற கனம்தான்.

நாச்சிமுத்து வாசலில் மறித்தார். "கண்ணாலத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து போறது மொறையில்லீங்க."

"அண்ணா, ஒரு தடவ பாத்துட்டு வந்தர்றேன்."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். தங்கையின் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "சரி. தனித்தனியாப் போங்க," என்றார். "ஆனா ஒரே பஸ்ஸுல போங்க."

அப்படியே செய்தார்கள். பஸ் வந்ததும் சாந்தாமணி முன்படியில் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். திருமலைசாமி பின்படியில் ஏறிக் கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தான். நடுவில் சந்தைக்குப் போய்த் திரும்புகிற கூட்டம். தலைகளுக்கு இடையில் அவள் கொண்டையும் அதிலிருந்த பூவும் மட்டும் தெரிந்தன. அவ்வளவு தெரிந்ததே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

கண்டக்டர் வந்தார். பருத்த மனிதர். விரல்களுக்கிடையில் நோட்டுகளை மடித்துச் செருகியிருந்தார்.

"பொள்ளாச்சி ரெண்டு," என்றான் திருமலைசாமி.

"இன்னொண்ணு ஆருக்கு?"

"முன்னால. மாம்பழக் கலர் சேலை."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். திரும்பி இவனைப் பார்த்தார். அவருக்கு இது சரியாகப் படவில்லை. நின்ற இடத்திலிருந்தே முன்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அம்மா, மாம்பழச் சேலைக்காரம்மா! இங்க ஒருத்தரு உங்களுக்கும் சேத்து டிக்கெட் கேக்கறாரு. இவரு உங்களுக்கு ஆருங்க?"

பஸ் முழுக்கப் பேச்சு நின்றுபோயிற்று. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கூடைக்குள் இருந்த கோழிகூடச் சும்மா இருந்தது. திருமலைசாமி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பி சில்லென்று இருந்தது.

சாந்தாமணி திரும்பினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். பஸ் ஒரு ஊரைக் கடந்தது, ஒரு வாய்க்காலைக் கடந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலீங்க," என்றாள். "ஆனா எங்கூடத்தான் எறங்குவாரு."

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவனிடம் கொடுத்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோவில்பாளையத்தில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். சாந்தாமணி திரும்பி, அவன் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டாள். அவன் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். அவள் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் பொள்ளாச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் கேள்விப்படாத ஒரு ஊர் வந்தது. நிறுத்தத்தில் ஒருவர் தென்னம்பிள்ளையோடு ஏறினார். சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கினான். அதையடுத்து இன்னொரு ஊர் வந்தது. அதற்குப் பெயர்ப்பலகையே இல்லை. அங்கேயும் பஸ் நின்றது, அங்கேயும் அவள் திரும்பினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வெளியே இருட்டவும் இல்லை, வெயிலும் ஏறவில்லை.

"பொள்ளாச்சி எப்பங்க வரும்?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்.

"வரட்டுமுங்க," என்றான் திருமலைசாமி. கண்டக்டர் விசிலை ஊதினார். அடுத்த நிறுத்தத்துக்காக அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.